ஸ்போர்ட்ஸ் கார் ரிவ்யூவை எவ்வளவு நம்பலாம்? கோவை கரிவரதன் போட்ட கணக்கு!

சுரண்டையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யூடியூப்பில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ரிவ்யூ பார்த்துக்கிட்டு இருக்கீங்கன்னு வைங்க. பூஜ்ஜியத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட நாலே செகண்ட். டயர் கத்துது, ரிவ்யூவர் சிரிக்கிறார், நீங்களும் லைக் போட்டாச்சு. சரி, அந்த நாலு செகண்ட் யாருடையது? காருடையதா, ஓட்டினவருடையதா, அந்த ரோட்டுடையதா?

இதைப் பேசிப் பேசித் தீர்க்க முடியாது. ஆனா, கையில் ஸ்பேனரை எடுத்துத் தீர்த்துக் காட்டின ஒருத்தர் நம்ம ஊர்ப் பக்கம் இருந்தார். எஸ்.கரிவரதன், கோயம்புத்தூர்க்காரர். ரேஸ் வட்டாரத்தில் சுருக்கமா 'கரி'.

பிறந்தது லட்சுமி மில்ஸ் குடும்பத்தில். மில்லு, மெஷின், லேத்து எல்லாம் சின்ன வயசிலிருந்தே பக்கத்தில். அந்த வசதிக்கு வெளிநாட்டு கார் ஒண்ணு வாங்கி ஊர்வலம் போயிருக்கலாம். கரிக்கு ஓட்டுறதில் எவ்வளவு ஆசையோ, வண்டியை உருவாக்குறதிலும் அவ்வளவு ஆசை.

அப்போ ரேஸுன்னா சோழவரம்தான். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுபாதை அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வருஷா வருஷம் பந்தயம் நடத்தும், கூட்டம் அள்ளும். ஒரு பக்கம் அம்பாஸடர், பத்மினி, ஹெரால்டு இன்ஜின்களை வெட்டி ஒட்டி உருமாற்றிய வண்டிகள். இன்னொரு பக்கம் காசுள்ளவர்கள் இறக்குமதி செய்த நிஜ ரேஸ் கார்கள். 1980-களில் விஜய் மல்லையா 'என்சைன்' ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து அங்கே ஓட்டினார்.

இப்படிப்பட்ட பந்தயத்தில் முதலில் வந்தவரைப் பார்த்து என்ன சொல்வீங்க? நல்ல டிரைவர்னா, நல்ல கார்னா? சொல்லவே முடியாது. ஆளாளுக்கு ஒரு வண்டி, ஒரு எடை, ஒரு டயர். நீங்க பார்க்கிற ரிவ்யூவிலும் இதே சிக்கல்தான். கார், டிரைவர், தார் ரோடு, அன்னிக்கு அடிச்ச வெயில் எல்லாம் கலந்து ஒரே ஒரு நம்பரா வெளியே வருது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூணு சிலிண்டர், சுமார் நாற்பது குதிரைத்திறன். காகிதத்தில் பார்த்தா ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. எந்த ரிவ்யூவரும் இந்த நம்பரைப் பார்த்துப் புருவம் உயர்த்தியிருக்க மாட்டார்.

கரி வேற மாதிரி பார்த்தார். இன்ஜின் கனமில்லை. விலை கம்மி. உதிரி பாகம் எங்கேயும் கிடைக்கும். அதைப் பிரிச்சுப் பூட்டத் தெரிஞ்ச மெக்கானிக் சுரண்டை மாதிரி ஊரிலும் இருப்பார். மாருதி 800-ன் எடை சுமார் 650 கிலோ. அதிலிருந்து கதவு, கூரை, பின் சீட்டு, கண்ணாடி எல்லாவற்றையும் மறந்துவிட்டு, ஒத்தை சீட், மூடாத நாலு சக்கரம், முதுகுக்குப் பின்னால் இன்ஜின்னு ஒரு மெலிஞ்ச வண்டி செய்தால்? இன்ஜின் அதேதான், இழுக்கிற சுமை குறைஞ்சுபோச்சு. வேகத்துக்கு எத்தனை குதிரைன்னு மட்டும் கேட்டால் போதாது, ஒரு குதிரைக்கு எத்தனை கிலோன்னும் கேட்கணும். ஸ்போர்ட்ஸ் கார் விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் வருவது முதல் நம்பர்தான், கவனிச்சிருக்கீங்களா?

அப்படி 1988-ல் பிறந்ததுதான் ஃபார்முலா மாருதி. கரி செய்தது ஒரு கார் அல்ல, ஒரே மாதிரியான பல கார்கள். எல்லாருக்கும் ஒரே இன்ஜின், ஒரே உடம்பு. இப்போ ஒருத்தர் முன்னால் போனால், காரைக் காரணம் சொல்ல வழியே இல்லை. எங்கே பிரேக் பிடிச்சார், வளைவில் எந்தக் கோட்டில் நுழைஞ்சார், டயரில் எவ்வளவு காற்று வெச்சார் என்பது மட்டும்தான் மிச்சம். ஒரே வண்டியில் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு சுற்றுக்கு எவ்வளவு வித்தியாசம் வரும்னு கண்ணால் பார்த்தவங்க, யாரோ ஒருத்தர் ஓட்டிக் காட்டின நேரத்தை முழுசா காரின் பெயரில் எழுத மாட்டாங்க.

இதனால் இன்னொண்ணும் நடந்தது. கோடீஸ்வரர் இல்லாத பையன்களும் ரேஸுக்கு வர முடிந்தது. கோவையிலிருந்து நரேன் கார்த்திகேயன், பின்னால் சென்னையிலிருந்து கருண் சந்தோக், ரெண்டு பேரும் ஃபார்முலா மாருதியில் கை பழகியவர்கள்தான். நரேன் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். அதே வருஷம் அமெரிக்கப் பந்தயத்தில் நாலாவது இடம்! விசில் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்: மிஷ்லின் டயர் பிரச்னையில் மற்ற அணிகள் ஒதுங்கிவிட, அன்னிக்கு ஓடியது மொத்தமே ஆறு கார்கள். அவர் சாமர்த்தியத்தை இது குறைக்காது. ஆனா நம்பர் மட்டும் பார்த்தால் இது தெரியாது, பாருங்க.

கரி அதைப் பார்க்க இல்லை. 1995-ல் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். நாற்பதைத் தாண்டி அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

அப்போ ரிவ்யூவே வேஸ்ட்டா? இல்லை. ஒரே ஆள், ஒரே நாள், ஒரே ரோட்டில் இரண்டு கார்களை ஓட்டி ஒப்பிட்டால் கவனமா கேளுங்க, அது கிட்டத்தட்ட கரியின் கணக்கைத் திருப்பிப் போட்ட மாதிரி: டிரைவர் மாறலை, கார் மட்டும் மாறுது. மலை இறக்கத்தில் சூடான பிரேக் எப்படிப் பிடிக்குது, ஸ்டீயரிங் கைக்கு என்ன சொல்லுது என்பதையும் அவர்களிடமே கேட்கலாம். ஷோரூம்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் கொடுக்கிற டெஸ்ட் டிரைவில் அதெல்லாம் நமக்குப் பிடிபடாது.

மற்றபடி ரிவ்யூவுக்கு வருவது பெரும்பாலும் கம்பெனியே துடைச்சு, சர்வீஸ் பண்ணி அனுப்புற வண்டி. சில நாளில் திருப்பிக் கொடுத்துடுவாங்க. மூணாவது வருஷம் கிளட்ச் மாத்த எவ்வளவு ஆகும், சர்வீஸுக்கு மதுரைக்குப் போகணுமா, கொச்சிக்குப் போகணுமா என்பதெல்லாம் அந்த வீடியோவில் இருக்காது. அந்தக் காரை வெச்சிருக்கிறவங்களைத்தான் தேடிப் பிடிக்கணும்.

கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-லிருந்து இருக்கு, அவர் பெயரில்தான். ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். ரேஸ் நடக்கிற நாளில் ஒரே மாதிரி கார்கள் வரிசையாப் பறக்கிறதை அங்கே போய்ப் பார்க்கலாம். அந்த மாதிரி வழவழ தாரில் எடுத்த நேரத்தைக் கொண்டுவந்து சுரண்டை - சுந்தரபாண்டியபுரம் ரோட்டில் தேடாதீங்க. சூரியகாந்தி சீசனில் செல்ஃபி எடுக்க வர்ற கேரளா வண்டிகளுக்கு நடுவில் செகண்ட் கியரைத் தாண்டவே நேரம் பிடிக்கும். தரையோடு ஒட்டின காருன்னா, முதல் வேகத்தடையிலேயே அடிவயிறு உரசுற சத்தமும் கேட்கும்.