கைநாட்டு வைத்தவர் மகன்

நியூட்டன் என்றதும் நமக்கு ஆப்பிள் விழுந்த கதையும் மூன்று விதிகளும் நினைவுக்கு வரும். அவ்விதிகளை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியவர்களுள் நானும் ஒருவன். அந்த ஆப்பிள் மரம் யார் தோட்டத்தில் நின்றது, அத்தோட்டத்தை உழுதவர்கள் யார் என்று நான் தேடிப் படித்தது பிறகுதான். படிக்கப் படிக்க, அந்தக் குடியானவர் வீட்டுப் பிள்ளை என் மனத்தில் வந்து அமர்ந்துகொண்டார்.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் கால்ஸ்டர்வொர்த் என்னும் ஊரை ஒட்டியது உல்ஸ்தார்ப் என்ற சிற்றூர். நியூட்டன் குடும்பத்தார் வெஸ்ட்பி என்ற ஊரிலிருந்து கிளைத்த உழவர்கள். ஆடு வளர்த்து, நிலம் சேர்த்து, தலைமுறைக்குத் தலைமுறை சற்றே உயர்ந்தவர்கள். பாட்டனார் ராபர்ட் 1623-இல் உல்ஸ்தார்ப் பண்ணையை விலைக்கு வாங்கினார். அவர் மகன் ஐசக் 1642 அக்டோபரில் இறந்தபோது தொழுவத்தில் 234 ஆடுகளும் 46 மாடுகளும் இருந்தன. செல்வத்துக்குக் குறைவில்லை. ஆயினும் அந்த ஐசக் தம் பெயரை எழுதத் தெரியாதவர். கையொப்பத்துக்குப் பதில் ஒரு குறி போடுபவர். இதைப் படித்தபோது என் கல்லூரி விண்ணப்பத்தில், பெற்றோர் கையொப்பம் என்னும் இடத்தில் இருக்கும் பெருவிரல் ரேகை கண்முன் வந்து நின்றது. என் கதை அவ்வளவு போதும்.

தந்தை இறந்து ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து, அந்நாளைய ஆங்கிலேய நாட்காட்டிப்படி 25-12-1642 அன்று பிள்ளை பிறந்தது. தந்தையின் பெயரையே அதற்கும் இட்டனர். ஒரு குவளைக்குள் அடங்கிவிடும் அளவே இருந்ததாம் குழந்தை. மருந்து வாங்கிவர அனுப்பிய இரண்டு பெண்கள், திரும்புவதற்குள் எப்படியும் இறந்துவிடும் என்றெண்ணி வழியில் உட்கார்ந்து இளைப்பாறினார்களாம்! முதுமையில் நியூட்டனே தம் உறவினரிடம் சொன்ன வீட்டுக் கதை இது.

மூன்று வயதில் தாயையும் பிரிய நேர்ந்தது. 1646-இல் தாய் ஹானா, பக்கத்து ஊர்ப் பாதிரியார் ஸ்மித் என்பவரை மறுமணம் செய்துகொண்டு அவர் வீட்டுக்குப் போனார். சிறுவனைப் பாட்டியிடம் விட்டுச் சென்றார். 1653-இல் அப்பாதிரியார் இறந்த பின்னரே, மூன்று குழந்தைகளோடு தாய் திரும்பி வந்தார். தாயையும் மாற்றாந்தந்தையையும் வீட்டோடு கொளுத்திவிடுவதாகத் தாம் மிரட்டியதை, 1662-இல் தம் பாவங்களைப் பட்டியலிட்டபோது நியூட்டன் மறவாமல் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் அவரிடம் காணப்பட்ட தனிமைக்கும் சினத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கிரந்தம் நகரப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவனை, பண்ணையைப் பார்த்துக்கொள்ளத் தாய் திரும்ப அழைத்தார். பிள்ளை படிக்கப் போய்விட்டால் ஆடு மாடுகளை யார் பார்ப்பது? எந்த நாட்டிலும் உழவர் வீட்டில் எழும் கேள்விதான். பையனோ புத்தகமும் கையுமாக வேலியோரம் உட்கார்ந்துவிடுவான். 1659 அக்டோபரில் ஊர்ப் பண்ணை மன்றம் அவனுக்கு அபராதம் விதித்தது: ஆடுகள் வயலில் புகுந்து சேதம் செய்ததற்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ், பன்றிகள் பயிரில் இறங்கியதற்கு 1 ஷில்லிங், வேலி பழுதாய்க் கிடந்ததற்கு 1 ஷில்லிங். பிற்காலத்தில் கோள்களின் பாதையைக் கணக்கிட்டவருக்குத் தம் ஆடுகள் போகும் பாதை தெரியவில்லை!

தாய்வழியில்தான் கல்வி இருந்தது. தாய்மாமன் வில்லியம் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்ற பாதிரியார். அவரும் பள்ளித் தலைமையாசிரியர் ஸ்டோக்ஸும் ஹானாவிடம் வாதாடினர். வெளியூர்ப் பிள்ளைகளுக்குரிய கட்டணம் 40 ஷில்லிங்கையும் வேண்டாம் என்றார் ஆசிரியர். அந்த 40 ஷில்லிங்கைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 1661-இல் நியூட்டன் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியில் சேர்ந்தார். தாய் வசதியுள்ளவராயிருந்தும், மற்றவர்களுக்குப் பணிவிடை செய்து படிக்கும் ஏழை மாணவர் வரிசையிலேயே சேர்ந்தார்.

1665-இல் கொள்ளை நோய் பரவிக் கல்லூரி மூடப்பட்டதும், பட்டதாரியாக அதே பண்ணை வீட்டுக்கு வந்தார். 1667 வரை, இடையில் சில மாதம் நீங்கலாக, அங்கேயே இருந்தார். ஒளியைப் பட்டகத்தால் பிரித்ததும், நுண்கணிதத்தை வளர்த்ததும், ஈர்ப்பைப் பற்றி எண்ணத் தொடங்கியதும் அக்காலத்தில்தான். ஆப்பிள் விழுந்ததைக் கண்டதாக 1726-இல் தம் நண்பர் ஸ்டூக்லியிடம் அவரே கூறினார். தலையில் விழுந்தது என்பது மட்டும் பின்னாளைய சரடு.

1679-இல் தாய் காய்ச்சலில் விழுந்தார். நியூட்டன் ஓடிவந்தார். இரவெல்லாம் கண்விழித்தார்; மருந்து கொடுத்தார்; கொப்புளங்களுக்குத் தம் கையாலேயே கட்டுப் போட்டார். ஒரு காலத்தில் கொளுத்திவிடுவேன் என்று மிரட்டிய அதே தாய்க்கு! தாய் பிழைக்கவில்லை.

பிறகு 1687-இல் பிரின்சிபியா வெளிவந்தது. 1703-இல் அரச கழகத் தலைமையும், 1705-இல் ஆன் அரசியார் தந்த சர் பட்டமும் வந்தன. அவ்வாண்டு, 62-ஆம் வயதில், அவர் செய்த ஒரு காரியம் என்னை வியப்பில் ஆழ்த்தியது. தம் மூதாதையர் பெயர்களைத் தேடித் தொகுத்து, வெஸ்ட்பி ஜான் நியூட்டனிலிருந்து தம் வரை ஒரு வம்சாவளி எழுதி, அதற்குரிய அரசுப் பதிவகத்தில் சேர்த்தார். உயர்குடியினர் முன் நிற்க ஒரு பரம்பரை வேண்டியிருந்தது என்பர் சிலர். இருக்கலாம். ஆனால் எழுதத் தெரியாத அத்தனை பேரையும் பெயர் சொல்லி எழுதிவைக்க, அந்தக் குடும்பத்தில் அவரைவிட்டால் வேறு யார் இருந்தார்?

1727-இல் அவர் உயில் எழுதாமல் மறைந்தார். உல்ஸ்தார்ப் நிலம் தந்தைவழி உறவினர் ஒருவருக்குப் போயிற்று, 1730-களிலேயே விலைபோயிற்று. சிறுவயதில் அவர் கல்லில் செதுக்கியதாகச் சொல்லப்படும் சூரிய கடிகாரம் ஒன்று, பெற்றோர் அடக்கமாகியுள்ள கால்ஸ்டர்வொர்த் கோயிலில் இன்றும் இருக்கிறது. அவரை மட்டும் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அடக்கம் செய்தனர்.