மனச்சான்றின் பக்கம் நின்றவர்

தம்மைத் தீண்டாத சட்டத்தின் கொடுமையைப் பிறர்பொருட்டு எதிர்த்து நிற்பது சான்றோர் இயல்பு. அவ்வியல்பு வாய்க்கப்பெற்றவர் பெர்ட்ரண்ட் ரசல்.

இங்கிலாந்தின் தலைமை அமைச்சராக இருமுறை விளங்கிய ஜான் ரசல் பிரபுவின் பேரனாக, 1872ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் வேல்சில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பயின்று, பின்னர் அங்கேயே விரிவுரையாளரானார். கணிதத்தின் அடிப்படைகளை ஆராய்ந்து உலகப்புகழ் எய்தினார்.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. 1916இல் 18 முதல் 41 வயதுவரையுள்ள ஆடவரைப் படையில் சேர்க்கும் கட்டாயச் சட்டம் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது. மனச்சான்று இடந்தராதோர் தீர்ப்பாயத்தில் விலக்குக் கோரலாம் என அச்சட்டம் கூறியது. ஏறத்தாழ 16,000 பேர் போரிட மறுத்தனர். எனினும், முழுவிலக்குப் பெற்றோர் மிகச் சிலரே. மற்றவருள் பலர் கோழைகள் எனத் தூற்றப்பட்டனர். படைக் கட்டளையை ஏற்காதோர், பேசுவதற்கும் தடையுள்ள சிறைகளில் கடுங்காவலில் வாடினர். பிரான்சுக்கு அனுப்பப்பட்டோருள் 35 பேருக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை, பின்னர்ப் பத்தாண்டுச் சிறைத்தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

ரசலோ அச்சட்டத்தின் வயதெல்லையைக் கடந்தவர். வாளாவிருந்திருந்தால் அவருக்கு எவ்விதத் தீங்கும் நேர்ந்திராது. ஆயினும், எர்னஸ்ட் எவரெட் என்னும் ஆசிரியருக்கு இரண்டாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டதைக் கண்டித்துத் துண்டறிக்கை ஒன்றை எழுதினார். அதனை வழங்கியோர் தண்டிக்கப்பட்டபோது, எழுதியவர் தாமே என்று நாளிதழ் வாயிலாக அறிவித்தார். நீதிமன்றம் 100 பவுன் தண்டம் விதித்தது. அதனைச் செலுத்த மறுத்ததால் அவருடைய உடைமைகள் ஏலத்திற்கு வந்தன. நண்பர்கள் முன்வந்து நூல்களை மீட்டனர். கல்லூரியோ அவரைப் பணியிலிருந்து நீக்கியது. அரசு அவருக்கு அமெரிக்கா செல்லக் கடவுச்சீட்டு வழங்க மறுத்தது.

1918இல், போர் எதிர்ப்புக் கட்டுரை ஒன்றிற்காக ஆறு திங்கள் சிறைத்தண்டனை பெற்றார். பிரிக்ஸ்டன் சிறையில் அவருக்கு நூலும் எழுதுகோலும் கிடைத்தன. போரிட மறுத்துச் சிறைப்பட்ட எளியோர்க்கு அந்த வாய்ப்பு இல்லை. அச்சிறையிலேயே கணித மெய்யியலுக்கு ஓர் அறிமுக நூலை எழுதினார்.

ரசல் எல்லாப் போரையும் எக்காலத்தும் மறுத்தவர் அல்லர். இட்லரை எதிர்த்த போரை அவர் ஏற்றார். ஆனால், மனச்சான்றைச் சிறையில் அடைக்கும் உரிமை அரசுக்கு உண்டு என்பதை அவர் ஒருபோதும் ஒப்பவில்லை. இந்திய விடுதலைக்கும் குரல் கொடுத்தார். 1950இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றார். 1961இல், 89ஆம் வயதில், அணுகுண்டு எதிர்ப்புப் போராட்டத்திற்காக மீண்டும் அதே பிரிக்ஸ்டன் சிறை புகுந்தார். 1970ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் இயற்கை எய்தினார்.

ஒரு நாட்டின் நாகரிகத்தை அதன் படைவலிமையால் மட்டும் அளந்துவிட முடியாது. போர்க்காலத்திலும் மாற்றுக்கருத்துடையோரை அது எவ்வாறு நடத்துகிறது என்பதும் அதற்கு அளவுகோலாகும். இதனையே ரசலின் வாழ்வு உணர்த்துகிறது.