பிள்ளையாரை வரைந்த பிரெஞ்சுக்காரர்!

குட்டீஸ்... கேமரா இல்லாத காலத்தில், நம்ம ஊர் சாமிகளை ஐரோப்பிய மக்கள் எப்படிப் பார்த்தனர் தெரியுமா? அதற்கு உதவியவர்களில் ஒருவர், பியர் சொன்னெரா.

பிரான்சின் லியோன் நகரில், 1748ல் பிறந்தவர். பாண்டிச்சேரிக்கு வந்து சாமி உருவங்கள், பறவைகள், தொழில் செய்வோர் என, பலவற்றை வரைந்தார். அவற்றைச் செப்புத் தகடுகளில் செதுக்கி, மை பூசி அச்சிட்டனர். 1782ல் பாரீசில் வெளியான அவரது பயண நூலில், 140 படங்கள்! பிள்ளையாரும், திருமாலின் அவதாரங்களும் அதில் உண்டு.

மீண்டும் இந்தியா வந்தவர், 1793ல் ஆங்கிலேயரிடம் கைதியானார். பல ஆண்டுகள் தாய்நாடு திரும்ப முடியவில்லை. 1814ல் பாரீசில் இறந்தார்.

அந்த நூலில் அவர் விவரித்த சாம்பல் காட்டுக்கோழி, தர்மபுரி மாவட்ட மலைக்காடுகளிலும் உண்டு. அதன் அறிவியல் பெயர், 'காலஸ் சொன்னெராட்டி'. அவர் நினைவாக வைத்த பெயர் தான் அது!