கருவி சமைத்த பேராசிரியர்

செய்முறைத் தேர்வு நெருங்கியதும் சென்ற ஆண்டு மாணவரின் பதிவேட்டைத் தேடியலையும் நண்பர்களுக்கு, ஜகதீஷ் சந்திர போஸை நான் அறிமுகம் செய்துவைக்க விரும்புகிறேன். செடிகளும் தூண்டலுக்குத் துலங்கும் என்று காட்டியவராக அவரை யாவரும் அறிவோம். என் உள்ளத்தைக் கவர்ந்ததோ வேறு. கையில் இல்லாத கருவிக்காக அவர் காத்திருந்ததே இல்லை.

1858-இல், இன்று வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தையார் அரசு அதிகாரி. எனினும் மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாது, மீனவர் வீட்டுப் பிள்ளைகளோடு தாய்மொழிப் பள்ளியில் அமரவைத்தார். பின்னர் கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில் லாஃபோன் பாதிரியார் ஆசிரியராக வாய்த்தார். சோதனைகளை வகுப்பிலேயே நடத்திக் காட்டுவதில் பெயர் பெற்றவர் அவர். மருத்துவம் பயில இலண்டன் சென்ற போஸ், காய்ச்சலின் தொல்லையால் அதைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் அறிவியல் பயின்றார். காய்ச்சல் ஒரு சாக்குத்தான். வித்து பாதிரியார் ஊன்றியது என்பது என் துணிபு.

1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். ஆங்கிலேயர் பெற்றதில் மூன்றில் ஒரு பங்கே அவருக்கு ஊதியம். அதை மறுத்து, மூன்றாண்டுகள் ஒரு காசும் பெறாமல் பாடம் நடத்தினார். முடிவில் முழு ஊதியமும் நிலுவையோடு வந்தது. (மூன்று மாதம்கூட நம்மால் தாங்க முடியுமா?)

ஆராய்ச்சிக்கென ஆய்வகம் கிடையாது. குளியலறையை அடுத்த 24 சதுர அடி இடத்தில், உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவரைப் பழக்கி, தம் செலவிலேயே கருவிகளைச் செய்தார். அங்கே 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிய மின்காந்த அலைகள் பிறந்தன. 1895-இல் பொதுமக்கள் முன்னிலையில் அவருடைய அலைகள் சுவர்களை ஊடுருவி மணியை அடித்தன; வெடிமருந்தைப் பற்றவைத்தன.

ஒளியைப் போல இவ்வலைகளும் தளவிளைவுக்கு உட்படுமா? இதைக் காட்ட அவர் எடுத்தது பிராட்ஷா ரயில் கால அட்டவணைப் புத்தகம்! ஏடுகளுக்கிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகினார். அலையின் மின் அதிர்வு தாள்களுக்கு இணையாக இருந்தால் அலை நின்றுவிடும். செங்குத்தாக இருந்தால் கடந்து செல்லும். புத்தகத்தைக் கால் வட்டம் திருப்பினால் போதும். சர்க்கரைக் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்புவதைப் போலாரிமீட்டரில் பார்த்திருப்பீர்கள். அதற்கு மாதிரியாக அவர் முறுக்கிய சணல் கற்றைகளை வைத்தார். வலமாக முறுக்கியது ஒரு பக்கமும் இடமாக முறுக்கியது எதிர்ப்பக்கமும் தளத்தைத் திருப்பின. வங்காளத்தில் சணலுக்கா பஞ்சம்!

செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராபும் அவர் ஆக்கமே. 1917-இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவி, 1937-இல் கிரிதியில் மறைந்தார். 1915-இல் ஓய்வு பெறுமுன் அவரிடம் பாடம் கேட்ட மாணவர்களுள் இருவர் சத்தியேந்திரநாத் போஸும் மேகநாத் சாகாவும்.