செவிமடுக்கப்படாத ஆலோசகர் லெனார்ட் வூல்ஃப்

பள்ளிவாசல்துறையிலிருந்து கடலோரமாக வடக்கே நோக்கினால், குதிரைமலை முனைக்கு அப்பால் அமைந்திருப்பது மரிச்சுக்கட்டி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சமடைந்த வடபுல முஸ்லிம்களுள் அப்பகுதி மக்களும் அடங்குவர். அதே கரையில், 1906ஆம் ஆண்டு முத்துக்குளிப்பின்போது, இருபத்தைந்து வயது யூத இளைஞர் ஒருவர் பிரித்தானிய ஆட்சியின் அதிகாரியாகப் பணியாற்றினார். அவரே லெனார்ட் வூல்ஃப்.

1880 நவம்பர் 25இல் இலண்டனில் பிறந்த வூல்ஃப், பதினொரு வயதில் தந்தையை இழந்தார். கேம்பிரிட்ஜில் கற்று, 1904 இறுதியில் இலங்கை வந்து, யாழ்ப்பாணக் கச்சேரியில் கடமையேற்றார். தமிழையும் சிங்களத்தையும் பயின்றார்.

மரிச்சுக்கட்டியில் அந்நாளில் முத்துக்குளிப்புக் காலத்தில் மட்டும் ஒரு நகரமே முளைத்தது. சுழியோடிகள் கொணர்ந்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குச் சென்றது, எஞ்சியது அவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பங்கீட்டை மேற்பார்வை செய்த வூல்ஃபை, அரபுச் சுழியோடிகள் குனிந்து வணங்காது சமமானவராகவே நடத்தினர். அவர்களுள் ஒருவர் கடலில் இறந்தபோது உறவினரும் தோழரும் காட்டிய துயரமும் கண்ணியமும் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் அதனைப் பதிவு செய்தார்.

1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த அவர் கண்டிப்பான நிருவாகி. மாட்டு நோய் பரவியபோது நோயுற்ற கால்நடைகளைச் சுடுவித்து மக்களின் வெறுப்பைத் தேடிக்கொண்டார். எனினும் பிறரை ஆளும் உரிமை தமக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவரை அரித்தது. 1912இல் பதவி துறந்தார். அதே ஆண்டில் பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியையான வர்ஜீனியாவை மணந்தார். அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமத்து ஏழைகளின் வாழ்வை அவர்கள் பக்கம் நின்று கூறும் அவரது நாவல் 1913இல் வெளியாயிற்று.

முதல் உலகப் போர் மூண்டபோது, கைநடுக்கம் காரணமாக அவர் படைச் சேவையிலிருந்து விலக்கப்பட்டார். 1917இல் ஒரே குண்டு அவருடைய சகோதரர் ஒருவரைப் பலிகொண்டு மற்றொருவரைக் காயப்படுத்தியது. போரைத் தடுக்க நாடுகளுக்கிடையே ஓர் அமைப்பு வேண்டும் என்று 1916இலேயே அவர் நூல் எழுதியிருந்தார். அக்கருத்துகள் சர்வதேச சங்கத்தின் உருவாக்கத்துக்குத் துணைபுரிந்தன.

இலங்கையையும் அவர் மறக்கவில்லை. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தில் தாக்குதலுக்குள்ளானோர் முஸ்லிம்கள். அதனை அடக்குவதன் பேரில் இராணுவச் சட்டத்தின் கீழ் சிங்களவர் பலர் அநியாயமாகக் கொல்லப்பட்டனர். அக்கொடுமைகளை விசாரிக்குமாறு வாதாட இலண்டன் சென்ற ஈ. டபிள்யூ. பெரேரா, டீ. பி. ஜயதிலக்க ஆகியோருக்கு அவர் துணைநின்றார். விசாரணை கிட்டவில்லை. 1938இல் தொழிற்கட்சிக்கு அளித்த அறிக்கையில், இலங்கைச் சிறுபான்மையினரின் பாதுகாப்புக்குச் சுவிற்சர்லாந்தைப் போன்ற கூட்டாட்சி முறையை ஆராயுமாறு கூறினார். அதுவும் ஏற்கப்படவில்லை.

சியோனிசத்தை முன்னர் எதிர்த்த அவர், 1957இல் இஸ்ரேலுக்குச் சென்றுவந்து அதனைப் பாராட்டினார். இதில் நம் வாசகர் பலர் அவருடன் உடன்படார். ஆயினும் ஒரு மனிதரை முழுமையாக எடைபோடுவதே நேர்மை.

1941இல் மனைவியை இழந்த பின்னரும் ரொட்மெல் கிராமத்தில் தங்கி, கிராம சபையின் எழுத்தராகவும் பாடசாலை நிருவாகியாகவும் தொண்டு செய்தார். 1960இல் மீண்டும் இலங்கை வந்து, தாம் பணியாற்றிய ஊர்களைக் கண்டார். 1969 ஆகஸ்ட் 14இல், எண்பத்தெட்டாவது வயதில் காலமானார்.

பொதுப்பணியில் தாம் உழைத்த ஏறத்தாழ இரண்டு இலட்சம் மணித்தியாலங்கள் வீணாயின என்று முதுமையில் அவரே கணக்கிட்டார். அக்கணக்கை நாம் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. 1938இல் கூறப்பட்டது கேட்கப்பட்டிருந்தால் இந்நாட்டின் குருதி சிந்தாதிருக்குமா என்று எவராலும் அறுதியிட இயலாது. ஆனால் ஓரிடத்தில் சிறுபான்மையாக வாடும் சமூகம் இன்னோரிடத்தில் பெரும்பான்மையாகிப் பிறரை வாட்டக்கூடும் என்பதை மரிச்சுக்கட்டியிலிருந்து துரத்தப்பட்டோர் அறிவர். அதிகாரம் எவர் கையில் இருப்பினும் எளியவருக்கு அரண் வேண்டும். அந்த அரணைத் தேடியவருக்குத் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே கடமைப்பட்டவர்கள்.