எட்மண்ட் பர்க்

எட்மண்ட் பர்க் (1729 அல்லது 1730 – ஜூலை 9, 1797) அயர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய அரசியல்வாதியும் எழுத்தாளரும் ஆவார். இவருடைய பெற்றோரின் திருமணம் புரட்டஸ்தாந்து-கத்தோலிக்கக் கலப்புத் திருமணம் ஆகும். இப்பின்னணி இவரது அரசியல் வாழ்வு முழுவதிலும் தாக்கம் செலுத்தியது.

பிறப்பும் குடும்பமும்

பர்க் டப்ளின் நகரில் பிறந்தார். தந்தை ரிச்சர்ட் அயர்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்த புரட்டஸ்தாந்து வழக்கறிஞர். தாய் மேரி நேகிள் கார்க் மாவட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தவர். கலப்புத் திருமணம் செய்தோரிடையே, ஆண் மக்கள் தந்தையின் சமயத்திலும் பெண் மக்கள் தாயின் சமயத்திலும் வளர்க்கப்படும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. இதன்படி பர்க்கும் சகோதரர்களும் புரட்டஸ்தாந்தினராகவும், சகோதரி ஜூலியானா கத்தோலிக்கராகவும் வளர்ந்தனர்.

இது வெறும் குடும்ப வழக்கம் மட்டுமன்று. அன்றைய தண்டனைச் சட்டங்களின் கீழ்க் கத்தோலிக்கர் வழக்கறிஞராகவோ நாடாளுமன்ற உறுப்பினராகவோ ஆக இயலாது. புரட்டஸ்தாந்தினருக்கும் கத்தோலிக்கருக்கும் கத்தோலிக்கக் குரு நடத்திவைக்கும் திருமணம் செல்லாது என்ற சட்டமும் 1746 இல் நடைமுறைக்கு வந்தது.

கல்வியும் திருமணமும்

சிறுவயதில் சில ஆண்டுகள் தாய்வழி உறவினருடன் வாழ்ந்த பர்க், பின்னர் பாலிட்டோர் என்னும் ஊரில் குவேக்கர் சமயத்தவர் நடத்திய பள்ளியிலும், 1744 முதல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலும் கற்றார். 1750 இல் சட்டம் பயில இலண்டன் சென்றார். 1757 இல் ஜேன் நூஜென்ட் என்பவரை மணந்தார். ஜேனும் கலப்புத் திருமணத்தில் பிறந்தவரே. அவருடைய தந்தை கத்தோலிக்க மருத்துவர். தாய் பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தவர்.

அரசியல் வாழ்வு

1765 இல் பர்க், பிரதமர் ராக்கிங்காமின் செயலாளரானார். இவர் மாறுவேடத்தில் உள்ள இயேசு சபையினர் என்று நியூகாசில் கோமகன் பிரதமரை எச்சரித்தார். பர்க் பதவி விலக முன்வந்தும் ராக்கிங்காம் அதனை ஏற்கவில்லை. அவ்வாண்டிலேயே பர்க் நாடாளுமன்ற உறுப்பினருமானார். எனினும் கேலிச்சித்திரக்காரர்கள் இவரை இயேசு சபைக் குருவின் உடையில் வரைவதை நிறுத்தவில்லை.

கத்தோலிக்கருக்குச் சில உரிமைகளை வழங்கிய 1778 ஆம் ஆண்டுச் சட்டத்தை இவர் ஆதரித்தார். அதனை எதிர்த்து 1780 இல் இலண்டனில் மூண்ட கார்டன் கலவரத்தின்போது இவரது வீட்டிற்குப் படைவீரர் காவல் தேவைப்பட்டது. அதே ஆண்டில் பிரிஸ்டல் தொகுதியையும் இழந்தார். இவ்விழப்புக்கு இந்த ஆதரவும் ஒரு காரணமாகும்.

இந்தியத் தொடர்பு

1785 இல் ஆற்காடு நவாபின் கடன்கள் குறித்து நாடாளுமன்றத்தில் உரையாற்றினார். வாரன் ஹேஸ்டிங்சின் மீதான விசாரணையை (1788–1795) முன்னின்று நடத்தினார். எனினும் ஹேஸ்டிங்சு விடுவிக்கப்பட்டார். பர்க்கின் இந்திய ஈடுபாட்டுக்கு அவரது அயர்லாந்து அனுபவமே அடிப்படை என்பது வரலாற்றாசிரியர் கானர் குரூஸ் ஓபிரையன் கருத்தாகும்.

மறைவு

ஒரே வாரிசாக எஞ்சியிருந்த மகன் ரிச்சர்ட் 1794 இல் இறந்தார். பர்க் 1797 இல் பீக்கன்ஸ்ஃபீல்டில் காலமாகி, அங்குள்ள ஆங்கிலிக்கன் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கத்தோலிக்கர் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் அமரும் உரிமையை 1829 இல்தான் பெற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.