விளக்குக்கு வழி காட்டியவர்

சட்டம் பிறக்கிறது. கஜானாவிலிருந்து பணமும் ஒதுக்கப்படுகிறது. ஆனால் யாருக்காக ஒதுக்கினார்களோ, அந்த ஏழையின் வாசலுக்கு அது வந்து சேருகிறதா? பல நேரம் சேருவதில்லை. ஏன்? பணம் எந்த இலாகாவில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. மனுவை எப்படி எழுதுவது, யாரிடம் கொடுப்பது என்றும் தெரியாது. தெரிந்தவன் வாங்கிப் போகிறான். தெரியாதவன் தலைவிதியை நொந்துகொண்டு வீட்டிலிருக்கிறான். இந்த இடைவெளியை அடைப்பதும் மக்கள் பிரதிநிதியின் வேலைதான் என்று செய்து காட்டிய ஒருவரின் கதையைத் தோழர்கள் அறிந்துகொள்வது நல்லது.

அவர் பெயர் லிண்டன் ஜான்சன். அமெரிக்காவின் 36-வது ஜனாதிபதியாக இருந்தவர். ஜனாதிபதி ஜான்சனை உலகம் அறியும். நாம் பார்க்கப் போவதோ அதற்கு முன்னிருந்த ஜான்சனை.

1908-ல் டெக்சாஸ் மாநிலத்தின் வறண்ட குன்றுப் பகுதியிலே பிறந்தார். தந்தை சாம் ஜான்சன் மாநிலச் சட்டசபையிலே உறுப்பினராக இருந்தவர். ஆனாலும் விவசாயம் கைவிட்டது. கடன் கழுத்தை நெரித்தது. மகன் சாலை போடும் கூலிகளோடு சேர்ந்து மண் வெட்டினார். பிறகு சான் மார்கோஸ் நகரத்து ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தார். செலவுக்குப் பணமில்லாமல் 1928-ல் படிப்பை நடுவிலே நிறுத்திவிட்டு, கொட்டுல்லா என்ற ஊரில் மெக்சிகக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். பசித்த வயிற்றோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகள் அவர்கள். தம் முதல் மாதச் சம்பளத்தில் அவர்களுக்கு விளையாட்டுச் சாமான்கள் வாங்கித் தந்தார்.

1931-ன் முடிவில், கிளபர்க் என்ற காங்கிரசு உறுப்பினரின் செயலாளராக வாஷிங்டன் சென்றார். கிளபர்க் பெரும் பண்ணைக் குடும்பத்துச் சீமான்; அலுவலகக் காரியங்களில் அவ்வளவாக மனம் செலுத்தாதவர். நாடோ பெருமந்தத்தில் சிக்கித் தவித்த நேரம். போருக்குப் போய்த் திரும்பிய சிப்பாய் பென்ஷன் கேட்டு எழுதுவான். நிலம் ஏலத்துக்கு வந்துவிட்டது என்று விவசாயி எழுதுவான். ஒவ்வொரு கடிதத்துக்கும் எந்த இலாகாவில் பரிகாரம் உண்டு, அங்கே முடிவெடுப்பவர் யார் என்று துருவித் துருவி அறிந்தார் ஜான்சன். பதில் வரும்வரை விடமாட்டார். அந்தத் தபால் மூட்டைதான் அவருக்கு அரசியல் பள்ளிக்கூடம்!

1935-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தேசிய இளைஞர் நிர்வாகத்தைத் தொடங்கினார். டெக்சாஸ் மாநிலத்துக்கு அதன் தலைவராக 26 வயது ஜான்சன் நியமிக்கப்பட்டார். இளைஞர்களுக்கு வேலை கொடுக்கப் பணம் இருந்தது. ஆனால் சாமானையும் மேற்பார்வையையும் தர உள்ளூரில் ஒரு துணை வேண்டும். ஜான்சன் மாநில நெடுஞ்சாலைத் துறையைத் துணைக்குப் பிடித்தார். சாலையோரப் பூங்காக்கள் எழுந்தன. வேலையற்ற பிள்ளைகளுக்குக் கூலி கிடைத்தது. ஏழை மாணவர்கள் கல்லூரியிலேயே வேலை பார்த்துப் படிப்பைத் தொடர்ந்தனர்.

1937 ஏப்ரலில் இடைத்தேர்தலில் வென்று அவரே காங்கிரசு உறுப்பினரானார். அவர் பிறந்த குன்றுப் பகுதி அப்போது எப்படியிருந்தது? இருட்டிலே கிடந்தது! 1935-ல் அமெரிக்கப் பண்ணை வீடுகள் பத்தில் ஒன்பதுக்கு மின்சாரம் இல்லை. பெண்கள் ஆழக் கிணற்றிலிருந்து வாளி வாளியாக நீர் இறைத்தனர். விறகடுப்பில் காய்ந்த இரும்புப் பெட்டியைத் தூக்கித் துணி தேய்த்தனர். பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கடியில் படித்தனர். கம்பி இழுத்தால் லாபமில்லை என்று தனியார் கம்பெனி கையை விரித்துவிட்டது.

கிராம மின்சார நிர்வாகம் என்று ஓர் அமைப்பு 1935 முதல் வாஷிங்டனில் இருக்கத்தான் இருந்தது. விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தால் கடன் தரும். ஆனால் ஒரு மைலுக்கு மூன்று வீடாவது சேர வேண்டுமென்பது விதி. குன்றுப் பகுதியில் வீடுகள் எட்ட எட்ட இருந்தன. சங்கத்தில் சேர 5 டாலர் கட்டணம். அந்த மக்களுக்கு அது பெரிய தொகை. கையெழுத்துப் போட்டால் நிலம் பறிபோகுமோ என்ற பயம் வேறு.

ஜான்சன் என்ன செய்தார்? ஊர் ஊராகக் கூட்டம் போட்டார். கடன் எப்படி வரும், எப்படி அடையும் என்று விளக்கினார். தொண்டர்கள் பண்ணை பண்ணையாகச் சென்று கையெழுத்து வாங்கினர். 1938-ல் பெடர்னேல்ஸ் மின் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அப்படியும் எண்ணிக்கை குறைந்தது. அதிகாரிகள் விதியைக் காட்டி மறுத்தனர். ஜான்சன் ரூஸ்வெல்ட்டையே நேரில் கண்டு வாதாடினார். அந்த ஆண்டு செப்டம்பரில், ஏறத்தாழ 2,900 குடும்பங்களுக்கு 1,830 மைல் கம்பி இழுக்க 13 லட்சம் டாலருக்கு மேல் கடன் அனுமதியாயிற்று. 1939 நவம்பரில் விளக்குகள் எரிந்தன.

கவனியுங்கள், தோழர்களே! அவர் தம் சட்டைப்பையிலிருந்து தானம் தரவில்லை. மக்களைக் கைகட்டி நிற்கவும் வைக்கவில்லை. உரிய இடத்தைச் சொன்னார். சங்கமாகச் சேரச் செய்தார். விதி தடுத்த இடத்தில் தாமே போய் நின்றார். கடன் வாங்கியவர்கள் மக்கள். சங்கத்தின் உடைமையாளர்களும் மக்கள். நாட்டின் பெரிய மின் கூட்டுறவுகளில் ஒன்றாக அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது.

அவரைக் குறையற்றவர் என்று நாம் சொல்லவில்லை. ஜனாதிபதியாகி, 1965-ல் முதியோர் மருத்துவத்துக்கும் ஏழைகளின் கல்விக்கும் வழி வகுத்த அதே கை, வியட்நாமுக்கு ஐந்து லட்சம் சிப்பாய்களை அனுப்பி அந்த மண்ணை நெருப்பாக்கியது. அந்தப் பழியோடுதான் 1968-ல் மறுதேர்தலிலிருந்து விலகினார். 1973 ஜனவரியில் மறைந்தார். வரலாறு இரண்டையும் எழுதி வைத்திருக்கிறது. நாமும் இரண்டையும் படிக்க வேண்டும்.

ஆனால் குன்றுப் பகுதிப் பாடம் மறக்கத்தக்கதல்ல. மேடையிலே திட்டத்தின் பெயரை முழங்குவது எளிது. அதன் விதியைப் படித்து, மனுவை எழுதிக் கொடுத்து, பணம் வரும்வரை கூடவே நடப்பதுதான் கடினம். அந்த நடை முடிகிற இடத்தில்தான் விளக்கு எரிகிறது.